பேட்டி எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலைஞர்கள், போராட்டக்காரர்கள், சிந்தனையாளர்கள் என்று ஆட்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதுவதுதான் என் வேலை. அதில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே நடந்தது. கல்லூரிப் பிள்ளைகள், சிற்றிதழ் நடத்துகிறவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று யார் கூப்பிட்டாலும் கேட்கிற சந்தேகம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, பேட்டி எடுக்கணும்னா பத்திரிகையில வேலை பார்க்கணுமா?

வேண்டாம். அடையாள அட்டை இருந்தால் அரசு அலுவலகத்தில் உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். ஒரு வில்லிசைக் கலைஞரோ ரப்பர் தோட்டத் தொழிற்சங்கக்காரரோ உங்கள் அட்டையைப் பார்த்துப் பேச மாட்டார். யார் சொல்லி வந்தீர்கள், எதில் வரப்போகிறது, வந்ததும் ஒரு பிரதி கொண்டு தருவீர்களா என்ற மூன்றையும் கேட்பார். இவற்றுக்கு நேரான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். எதில் வரும் என்று முடிவாகவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

பெரிய ஆளுங்க நம்மட்ட பேசுவாவளா? யாரை எடுக்கணும்னு எப்படி முடிவு பண்ணது?

பேசுவார்கள். ஆனால் பெரிய ஆளிடம் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. இந்த மாவட்டத்தில் எழுத்தாளர்களுக்குக் குறைவில்லை. சுந்தர ராமசாமியும் தோப்பில் முகமது மீரானும் தங்களைப் பற்றியும் தங்கள் எழுத்தைப் பற்றியும் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள், அதெல்லாம் அச்சில் இருக்கிறது. பலமுறை பேட்டி கொடுத்தவரிடம் பாடம் பண்ணின பதில்கள் இருக்கும். அதைத் தாண்டி அவரைப் பேசவைக்க அனுபவம் வேண்டும்.

வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் வில்லை அடித்துக் கதை சொல்லும் புலவரிடம் போகிறார்கள். பக்கத்தில் குடம் அடிப்பவர், உடுக்கை வாசிப்பவர், ஜால்ரா போடுபவர், ‘ஆமா’ சொல்லிப் பின்பாட்டுப் பாடுபவர் ஆகியோரிடம் யாரும் மைக்கை நீட்டியதில்லை. குடக்காரர் பல புலவர்களோடு போயிருப்பார். யார் எந்தக் கதையை எந்த இடத்தில் சுருக்கினார், எந்த ஊரில் நீலி கதை பாடும்போது கூட்டம் எழுந்து போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தோல்பாவைக்கூத்திலும் திரைக்குப் பின்னால் உதவிக்கு நிற்கும் வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் மராத்தி பேசிக்கொண்டு மேடையில் தமிழில் ராமாயணம் நடத்தும் குடும்பங்கள் அவை. அந்த வீட்டுப் பெண்களிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே ஒரு கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிடும்.

போறதுக்கு முன்னாடி எவ்வளவு படிக்கணும்?

அவர் எழுதியது, அவரைப் பற்றி எழுதியது, அவர் முன்பு கொடுத்த பேட்டிகள், இந்த மூன்றையும் படிக்க வேண்டும். பழைய பேட்டிகளில் வந்த கேள்விகளைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றைத் திரும்பக் கேட்கக் கூடாது. இந்த ஒரு வேலையைச் செய்தாலே உங்கள் பேட்டி மற்றதிலிருந்து மாறிவிடும்.

போராட்டக்காரர் என்றால் புத்தகம் போதாது. மனு, நீதிமன்ற உத்தரவு, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில் எல்லாம் அவரிடமே கோப்பாக இருக்கும். முதல் சந்திப்பில் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, பேட்டியை இன்னொரு நாள் வையுங்கள். பழைய போராட்டம் என்றால் நாள்கணக்கு கையில் இருக்க வேண்டும். திருவிதாங்கூர் தமிழர் போராட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறவர், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது 1954 ஆகஸ்ட் 11 என்பதையும், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 என்பதையும் தெரியாமல் போய் உட்காரக் கூடாது. அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையாய் இருந்தவருக்கே இப்போது எண்பது தாண்டிவிட்டது. ‘அது எந்த வருஷம் ஐயா?’ என்று கேட்டு அவர் மூச்சை வீணாக்கக் கூடாது.

எத்தனை கேள்வி எழுதிட்டுப் போகணும்?

எத்தனை வேண்டுமானாலும் எழுதுங்கள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் பரீட்சை எழுதும் பாவனைக்குப் போய்விடுவார். கிளம்பும் முன் ‘ஒரு நிமிஷம்’ என்று தாளை எடுத்து, விட்டுப்போனது என்ன என்று பார்த்தால் போதும்.

எப்போ போனா நல்லது?

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. கோயில் கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள், நடக்கும் நாட்களில் வில்லிசைக்காரரைத் தேடிப் போகாதீர்கள். ராத்திரி முழுக்கப் பாடிவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி ஏறுகிறவரிடம் என்ன பேச முடியும்? கொடையைப் போய்ப் பாருங்கள், பேசுவதற்கு வேறு நாள் கேளுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே மரத்தடியில் நிற்பார்கள், மதியத்துக்கு மேல்தான் ஓய்வு. தோவாளை பூச்சந்தையிலும் வேலையெல்லாம் விடியற்காலையில். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் படகுக்காரர்கள் கரையில் இருப்பது அந்த நாட்களில்தான். ஆனால் அப்போது தென்மேற்குப் பருவமழை. தகரக்கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் பதிவில் மழை மட்டும்தான் கேட்கும்.

ஃபோன்லயே ரெக்கார்டு பண்ணலாம்லா?

பண்ணலாம். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அவர் முக்கியமானதைச் சொல்லும்போது யாராவது கூப்பிடுவார்கள். இரண்டு கருவியில் பதிவு செய்வது நல்லது. கடற்கரையில் காற்றுதான் எதிரி. மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், அல்லது வீட்டுக்குள் சுவர் ஓரமாக உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பதிவு ஓடுகிறது என்பதை அவரிடம் சொல்லி, ‘சரி’ என்று அவர் சொல்வதும் பதிவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சில கேள்விகளுக்கு அந்த ஒரு சொல் தேவைப்படும்.

‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ன்னு ஆரம்பிக்கலாமா?

கூடாது. பாடம் பண்ணின பதில் என்று மேலே சொன்னேனே, அதற்குக் கதவைத் திறந்துவிடும் கேள்வி இதுதான். ‘வில்லுப்பாட்டு அழிஞ்சிட்டு வருதே, என்ன நினைக்கிறீங்க?’ என்பதும் அதே வகை. வருத்தத்தோடு ஒரு பதில் வரும். அதே பதிலை முப்பது பேருக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

கைக்கு எட்டும் பொருளில் தொடங்குங்கள். இந்தக் குடத்தை எங்கே வாங்கினீர்கள், வாங்கும்போது எப்படித் தட்டிப் பார்ப்பீர்கள், குடத்து வாயில் அடிக்கும் மட்டையை நீங்களே வெட்டுவீர்களா என்று கேட்டால் அவர் எழுந்து போய்க் குடத்தை எடுத்து வருவார். அதோடு பேட்டி ஆரம்பித்துவிட்டது. எழுத்தாளரிடம் ‘இந்த நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் கடை எந்தத் தெருவில் இருந்தது?’ என்று கேளுங்கள். போராட்டக்காரரிடம் முதல் நாள் கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். கொள்கை தானாகப் பின்னால் வரும். முதலிலேயே கொள்கையைக் கேட்டால் துண்டறிக்கை வாசிப்பார்கள்.

ஒத்த வரியில பதில் சொல்லிட்டுச் சும்மா இருக்காவளே, என்ன செய்ய?

நீங்களும் சும்மா இருங்கள். அடுத்த கேள்விக்குத் தாவுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அவரே ‘இன்னொண்ணு என்னன்னா...’ என்று தொடங்குவார். அந்த ‘இன்னொண்ணு’க்காகத்தான் போயிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறானவர்கள் சிந்தனையாளர்கள். நிறுத்தவே மாட்டார்கள், ஒரு கேள்விக்கு நாற்பது நிமிடம் போகும். குறுக்கே ‘இதுக்கு நம்ம ஊர்ல ஒரு உதாரணம் சொல்லுங்க சார்’ என்று கேட்டால் தரைக்கு வருவார்கள். அப்போதும் வராவிட்டால் கட்டுரையாகவே எழுதித் தரச் சொல்லிவிடலாம், இருவருக்கும் நல்லது.

பேசினதை டைப் பண்ண செயலி இருக்கே, அதுல போட்டா போதும்லா?

செய்தி வாசிப்பவர் தமிழுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். விளவங்கோடு பக்கத்து மலையாள வாடை வீசும் பேச்சையும், தூத்தூர்க் கரையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதையும் அதில் போட்டுப் பாருங்கள், யாரோ மூன்றாவது ஆள் எழுதிய கவிதை மாதிரி வரும். முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு முழுதும் காதால் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு, ஐந்து மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான், நேரில் காதில் விழாத தயக்கமும் பேச்சை மாற்றிய இடமும் தெரியவரும். அதனால் இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அவங்க பேசின பேச்சை அப்படியே போடணுமா, திருத்திப் போடலாமா?

பொதுவிதி கிடையாது. என் வழக்கத்தைச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வருவதை எடுக்கலாம், முன்பின் வரிசையை மாற்றலாம். சொல்லாததைச் சேர்க்கக் கூடாது. சொன்னதன் சூட்டைக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. பேராசிரியர் பேச்சைப் புத்தகத் தமிழிலும் மீன்காரப் பாட்டி பேச்சை மட்டும் கொச்சையாகவும் போடுவது நியாயமில்லை, பேராசிரியரும் வீட்டில் ‘என்னடே’ என்றுதான் பேசுகிறார். ஒரே பேட்டித்தொடர் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.

எழுதினதை அவங்கட்ட காட்டணுமா? காட்டினா எல்லாத்தையும் வெட்டிருவாவளே?

ஆளைப் பொறுத்தது. கலைஞர், எழுத்தாளர், சிந்தனையாளர் என்றால் காட்டுவேன். எழுத்தாளர் பேட்டிகளுக்குப் பேர்போன பாரிஸ் ரிவ்யூ இதழில், பேட்டி கொடுத்தவரே பதில்களைத் திருத்தித் தருவது நெடுநாள் வழக்கம். அதனால் அந்தப் பேட்டிகளின் தரம் கெடவில்லை. தமிழில் 1991 முதல் 1995 வரை கோமல் சுவாமிநாதன் நடத்திய சுபமங்களாவின் நீண்ட பேட்டிகளை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். பேட்டியை ஓர் இலக்கிய வடிவமாக நினைத்தால் இருவரும் சேர்ந்து செய்கிற வேலையாகத்தான் அது இருக்கும்.

பதவியில் இருப்பவர், அதிகாரி, கட்சிக்காரர் என்றால் காட்ட மாட்டேன். காட்ட மாட்டேன் என்று முன்பே சொல்லிவிடுவேன். அவர் சொன்னதற்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

கலைஞர் வெட்டிவிட்டால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரைப் பற்றியதை வெட்ட மாட்டார், அண்ணன் தம்பி, மைனி, கூட ஆடினவர் பற்றியதைத்தான் வெட்டுவார். அது போகட்டும். குமரி சின்ன மாவட்டம். அடுத்த வாரம் வடசேரி பேருந்து நிலையத்தில் அவர் எதிரில் வருவார், அந்த மைனியும் வருவார். சென்னையிலிருந்து வந்து எடுத்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. நமக்கு உண்டு. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. திரும்ப அந்த வாசலில் ஏறி நிற்க முடிந்தால்தான் இரண்டாவது பேட்டி. என் அனுபவத்தில் நல்ல விஷயமெல்லாம் இரண்டாவது பேட்டியில்தான் வந்திருக்கிறது.

பேசி முடிச்சிட்டு ‘இதைப் போடாண்டாம்’னு சொன்னா?

பேசும் முன்பே சொன்னால் அது வாக்கு, மீறக் கூடாது. சொல்லி முடித்த பிறகு சொன்னால் சட்டப்படி உங்களைக் கட்டாது. ஆனால் முந்தைய பதிலின் கடைசிப் பகுதி இங்கேயும் பொருந்தும். பொதுப்பணத்தையோ ஓர் உயிரையோ பற்றிய விஷயமாக இருந்தால் மட்டும், வேறு வழியில் அதை உறுதி செய்ய முடியுமா என்று பார்ப்பேன்.

இன்னொரு வகை உண்டு. வர்ம ஆசான்கள் சிலவற்றைச் சொல்லவே மாட்டார்கள், வாய் தவறிச் சொன்னாலும் எழுத வேண்டாம் என்பார்கள். எந்தப் புள்ளியில் அடிபட்டால் என்ன ஆகும், அதை மீட்க எந்த அடங்கலைத் தொட வேண்டும் என்பது சீடனுக்கு மட்டும் உரியது. அதைத் துருவாதீர்கள். அவர் யாரிடம் எப்படிப் படித்தார், ஆசான் எத்தனை காலம் சும்மா எடுபிடி வேலை வாங்கினார் என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே பேசுவார்.

போராட்டத்துல இருக்கவங்க ஒருத்தர் பேரைச் சொல்லித் திட்டுதாவ. அப்படியே போட்டா கேஸ் வருமா?

வரலாம். ‘அவர் சொன்னார், நான் எழுதினேன்’ என்பது காப்பு ஆகாது, வெளியிட்டவரும் பொறுப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் அவதூறுக்கான பிரிவு 356, தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல். சொன்னது உண்மை என்பதோடு, பொது நன்மைக்காக வெளியிட்டது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். எனவே குற்றச்சாட்டுக்குத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடமும் கேட்டு அவர் பதிலைச் சேருங்கள். வெறும் வசவு என்றால் வெட்டுங்கள், இழப்பு ஒன்றும் இல்லை.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் பிரிவு 72-இன்படி தனிக் குற்றம். பிள்ளைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் தடுக்கிறது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் என்று எழுதினாலே இந்த மாவட்டத்தில் யாரென்று தெரிந்துவிடும்.

அவங்க சொல்லுதது தப்புன்னு நமக்குத் தெரிஞ்சா?

தேதி, இடம், பெயர் என்றால் அங்கேயே மெதுவாகக் கேட்கலாம். ‘அது இணைப்புக்கு முன்னாலயா, பின்னாலயா தாத்தா?’ என்றால் அவரே சரிசெய்துகொள்வார். அவர் பிடிவாதமாக இருந்தால் அவர் சொன்னபடி போட்டு, சரியான தேதியை உங்கள் குரலில் அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். அவர் வாயில் சரியான தேதியைத் திணிக்காதீர்கள். வயதானவர்கள் இரண்டு சம்பவங்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது சகஜம். எதை எதோடு சேர்த்தார் என்பதே சில சமயம் நல்ல தடயம்.

சாதி, மதம் பத்திக் கேட்கலாமா? இங்க அது தொட்டா பத்திக்கிடும்லா.

கேட்காமல் இந்த மாவட்டத்தின் கலை பற்றியோ அரசியல் பற்றியோ ஒரு பக்கம்கூட எழுத முடியாது. 1859-இல் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வரும்வரை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நீண்ட தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரின் சாமித்தோப்பு இங்கேதான் இருக்கிறது. 1982-இல் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவக் கலவரம் நடந்ததும் இங்கேதான். ‘நீங்க என்ன ஆளுக?’ என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கோயிலில் யார் முதலில் பாட வேண்டும், எந்த வீட்டில் சாப்பாடு போட்டார்கள், எங்கே உட்கார வைத்தார்கள் என்று கேளுங்கள். எல்லாம் வந்துவிடும்.

கலவரம் பற்றியென்றால் ஒரே ஊரில் ஒரே தரப்பை மட்டும் பேசிவிட்டு வெளியிடாதீர்கள். இரண்டு தரப்பும் ஒரே இதழில், ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

ஒக்கிப் புயல்ல ஆளைப் பறிகொடுத்தவங்கட்ட எப்படிப் பேச?

2017 நவம்பர் கடைசியில் புயல் அடித்தபோதும், டிசம்பரில் குழித்துறையில் ரயில் மறியல் நடந்தபோதும் எல்லாக் கேமராவும் அங்கே இருந்தது. அந்த வீடுகளில் ‘அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?’ என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் அழுதார்கள், எடுத்தவர்கள் கிளம்பிப் போனார்கள். அந்தக் கேள்வியை நீங்களும் கேட்க வேண்டாம், பதில் எங்கும் கிடைக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். இறப்புச் சான்றிதழுக்கு எத்தனை அலுவலகம் ஏறினார்கள், கடன் யார் பேரில் மாறியது, மகன் கடலுக்குப் போகிறானா, அம்மா போகவிட்டாளா? மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

பொம்பளைப் பிள்ளை தனியா போய் எடுக்க முடியுமா?

முடியும், நான் எடுக்கிறேன். புது ஊர் என்றால் முதல் தடவை உள்ளூர் டீச்சரையோ சுய உதவிக் குழு அக்காவையோ கூட்டிப் போங்கள். கூட வருபவர் பேசாமல் இருக்க ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் சிக்கல். நமக்கு ஒரு அனுகூலமும் உண்டு. நடையில் உட்காரவைத்த ஆண் பேசி முடித்ததும் அடுக்களையிலிருந்து ‘அவ்வோ சொன்னதுல பாதிதான் சரி’ என்று ஒரு குரல் வரும். ஆண்கள் எடுக்கும் பேட்டியில் அந்தக் குரல் கிடைப்பது அபூர்வம்.

பேட்டி கொடுத்தவங்களுக்குக் காசு கொடுக்கணுமா? நமக்கு யாரு கொடுப்பா?

பேசியதற்குக் காசு கொடுக்க மாட்டேன். கொடுத்தால் நாம் கேட்க நினைப்பதையே சொல்லத் தொடங்குவார்கள். பாடிக் காட்டச் சொன்னாலோ பாவையை எடுத்து ஆட்டச் சொன்னாலோ அது அவர்கள் தொழில், அதற்குக் கூலி உண்டு, பேரம் பேசாதீர்கள். ஒரு நாள் வேலையை விட்டு உட்கார்ந்தவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுப்பதிலும் தவறில்லை, பேட்டி முடிந்த பிறகு கொடுங்கள்.

நமக்கா? பேட்டியை மட்டும் நம்பி வீடு நடத்த முடியாது. சிற்றிதழ்கள் பிரதி அனுப்பும், சில சமயம் அதுவும் வராது. மொழிபெயர்ப்பு, மெய்ப்பு பார்ப்பது, கல்லூரியில் வகுப்பு என்று பக்கத்தில் ஒன்று வேண்டும். தொகுப்பு நூலாக வரும்போது கொஞ்சம் கிடைக்கும். அதனால் பேட்டி கொடுத்தவரிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இதழில் போடவா, நூலில் சேர்க்கவா, குரலை வெளியிடவா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். சொற்கள் அவருடையவை, கோத்தது நீங்கள். பின்னால் வரும் பிணக்கை ஒரு பக்கத் தாள் தடுத்துவிடும்.

பேட்டி வெளிய வரதுக்குள்ள அவர் இறந்துட்டா? வீட்டுல ‘போடாதீங்க’ன்னு சொன்னா?

ஒப்புதல் தாள் இருந்தால் வெளியிடலாம். ஆனாலும் ஒருமுறை வீட்டுக்குப் போய், வாசித்துக் காட்டி, ஆட்சேபம் எதில் என்று கேளுங்கள். அவரே உயிரோடு இருந்திருந்தால் வெட்டியிருப்பார் என்று தோன்றும் இடத்தை வெட்டுங்கள். அவருடைய கருத்துப் பிடிக்காமல் மகன் தடுத்தால் வெட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் பேசியது மகன் அல்ல. தாள் இல்லை, வாய்ச்சொல் மட்டும் என்றால் முதலில் சொன்ன அந்த ‘சரி’ பதிவில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டார் சொல்வதைக் கேட்பதைத் தவிர வழியில்லை.

பதிவின் ஒரு பிரதியை எப்படியும் வீட்டில் கொடுத்துவிடுங்கள். பென்டிரைவில் கொடுத்தால் மேசை டிராயருக்குள் போய்விடும், பேத்தியின் ஃபோனில் ஏற்றிக் கொடுங்கள். கோப்பின் பெயரில் ஆள், ஊர், தேதி மூன்றும் இருக்கட்டும். ‘புதிய பதிவு 17’ என்று இருந்தால் அடுத்த வருஷம் உங்களுக்கே அது யாருடைய குரல் என்று தெரியாது.